வாதுமை மரங்களுக்குக் கீழே

மோன்தெரூசோ,
12 ஏப்ரல் 1963

அன்புள்ள கனியோ அண்ணா,

இந்தக் காகிதத்தின் மேல் ஏறிக்கொண்டு உன்னிடம் வருகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் இருமல் குறைந்ததா? ஜெர்மேன் அண்ணியும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறார்கள்? பெல்ஜியத்துக் குளிரில் பிறந்த அண்ணிக்கு நம் ஊர் வெயிலைக் காட்ட நீ எப்போதுதான் அழைத்து வருவாயோ.

இங்கே பெரிய கூத்து நடக்கிறது. நம் பாந்தானெல்லா வயலை ஜெரார்தோவுக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன் அல்லவா, அவர் இந்த வருஷம் டிராக்டர் கொண்டுவந்து ஆழ உழுதார். கலப்பையோடு கல்லும் வந்தது. சின்னச் சின்னதாக, நீலமும் வெள்ளையுமாக, ஒவ்வொன்றும் பல் அளவு. மாதாகோயில் சாமியார் அதைப் பார்த்துவிட்டு நேப்பிள்ஸுக்கு எழுதிப் போட்டார். அங்கிருந்து லெவாந்தி என்று ஒரு பேராசிரியை வந்து இறங்கிவிட்டார். கால்சட்டை போடுகிறார், சிகரெட் பிடிக்கிறார். ஊர் ஆண்களுக்கு ரோமாபுரியை விட அந்தக் கால்சட்டைதான் அதிசயம்.

நம் வயலுக்குக் கீழே ரோமானியர் காலத்துப் பண்ணை மாளிகை ஒன்று படுத்திருக்கிறதாம். திராட்சை ரசம் பிழிகிற கூடம், தானியக் கிடங்கு, வெந்நீர்க் குளியல் அறைகள் எல்லாம் இருக்குமாம். அப்பா ஆயுசு முழுக்கக் கல் பொறுக்கிக் கல் பொறுக்கி அலுத்துப்போன நிலத்தில் எவனோ ஒரு பணக்காரன் சுகமாகக் குளித்துக்கொண்டிருந்திருக்கிறான். எனக்கும் அங்கே வேலை கிடைத்திருக்கிறது. தொட்டியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு உடைந்த பானை ஓடுகளைக் கழுவுகிறேன். நிழலில் உட்கார்ந்த வேலை. ஊர்வம்பு தானாகக் காதில் வந்து விழுகிறது.

நிலம் நம் இருவர் பேரிலும் இருப்பதால் உன் கையெழுத்தும் வேண்டுமாம். காகிதம் இதோடு வைத்திருக்கிறேன்.

சவேரியோவின் அம்மா மிக்கெலினா இன்னும் தபால்காரரை வழிமறித்துக்கொண்டுதான் இருக்கிறாள். "அர்ஜென்டினாலேர்ந்து ஏதாச்சும் வந்துச்சாப்பா?" என்று கேட்பாள். இல்லை என்றதும் திரும்பி என்னைப் பார்ப்பாள். நிச்சயம் பண்ணின பெண்ணுக்காவது எழுதியிருப்பானோ என்று. எனக்கு எங்கே எழுதினான்? நீ நேப்பிள்ஸில் அவனைக் கப்பல் ஏற்றிவிட்டு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. ரொட்டிக் கடைக்காரன் இரண்டு தடவை பெண் கேட்டு வந்தான், இரண்டு தடவையும் மாட்டேன் என்றேன். இப்போது அவனுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஊரில் எனக்கு அர்ஜென்டினாக்காரி என்று பெயர்.

சுரங்கத்துக்குள் இறங்கும்போது நெஞ்சைப் போர்த்திக்கொள்.

உன் தங்கை
டொனாட்டா

---

சார்லெருவா,
3 மே 1963

பிரியமுள்ள தங்கச்சி டொனாட்டாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். இருமல் அதன் போக்கில் இருக்கிறது, சுரங்கக்காரனுக்கு அது இல்லாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். உன் முழங்காலுக்குச் சூடான உமி ஒத்தடம் கொடு.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். தோண்டிக்கொள்ளட்டும். ஆனால் ஒன்று. கிழக்கு மூலையில் இருக்கிற வாதுமை மரங்களை அவர்கள் தொடக் கூடாது. அப்பா நட்ட மரங்கள் அவை. வயலின் மற்ற பக்கமெல்லாம் அவர்களுடையதாக இருக்கட்டும், அந்த மூலை மட்டும் வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு. நீ சொல்ல மாட்டாய் என்றால் எனக்கு எழுது, நானே எழுதுகிறேன்.

பிள்ளைகள் அத்தைக்கு முத்தம் சொன்னார்கள்.

அண்ணன்
கனியோ

---

மோன்தெரூசோ,
20 மே 1963

அன்புள்ள அண்ணா,

கடவுள் புண்ணியத்தில் உமி ஒத்தடம் வேலை செய்தது, இப்போது ஓடிக்கூடப் போவேன். உன் இருமலுக்குத் தேன் கலந்த அத்திப்பழச் சாறு காய்ச்சித் தரச் சொல்லி அண்ணியிடம் கேள்.

தரை முழுக்கத் திறந்துவிட்டார்கள். நீலக் கடலில் மீன்கள் துள்ளுகிற மாதிரி கல்லாலேயே கோலம் போட்டிருக்கிறான் அந்தக் காலத்து ஆள். பெரிய மீனின் கண்ணில் பச்சைக் கண்ணாடிக் கல் ஒன்று இருந்தது. புதன்கிழமை இருந்தது, வியாழக்கிழமை இல்லை. கிடைப்பதெல்லாம் அரசாங்கத்துக்குத்தான் என்பது சட்டம். அதனால் பேராசிரியை சாயங்காலம் எல்லார் சாப்பாட்டு மூட்டையையும் பிரித்துப் பார்த்தார். ஜெரார்தோவின் ரொட்டிக்குள் முட்டைப் பொரியல்தான் இருந்தது. "இதுவும் ரோமானியரோடதாம்மா? நேத்து என் பொண்டாட்டி பொரிச்சது. கொஞ்சம் உப்பு தூக்கல், அவ்வளவுதான்" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒருவர் பையை ஒருவர் பார்த்தபடிதான் வீட்டுக்குப் போகிறோம்.

அதைவிடப் பெரிய சமாச்சாரம், நமக்கு முன்னாலேயே யாரோ இங்கே தோண்டியிருக்கிறார்களாம். ஒரு இடத்தில் மண் அடுக்கடுக்காக இல்லாமல் குழம்பிக் கிடக்கிறது. பேராசிரியை கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்: "கள்ளக்குழி. உங்க ஊர்க்காரங்க யாரோ ராத்திரி வேலை பார்த்திருக்காங்க. என்ன எடுத்துட்டுப் போனாங்களோ." ஊரில் இப்போது யார் வீட்டுக் கூரை திடீரென்று ஓடு மாற்றப்பட்டது, யார் எந்த வருஷம் கோவேறு கழுதை வாங்கினார்கள் என்றெல்லாம் கிளறிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கள்ளக்குழி கிழக்கு மூலைப் பக்கம்தான் போகிறது. வாதுமை மரங்களைப் பற்றி நீ சொன்னதைச் சொன்னேன். மரத்துக்கு நஷ்ட ஈடு தருவோம் என்கிறார். ஒன்று கேட்கட்டுமா? அந்த மரங்களை அப்பா நடவில்லை. அப்பா இறந்த பிறகு, பெல்ஜியம் கிளம்புவதற்கு முன்னால் நீதான் நட்டாய். நான்தான் தண்ணீர் சுமந்து ஊற்றினேன். மறந்துவிட்டாயா?

உன் தங்கை
டொனாட்டா

---

சார்லெருவா,
8 ஜூலை 1963

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. எனக்குக் காய்ச்சல். இப்போது பரவாயில்லை. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஆமாம், நான்தான் நட்டேன். தலைக்குள் கரித்தூள் போய்விட்டது. யார் நட்டால் என்ன, நம் குடும்பத்து மரம். அதுவல்ல விஷயம். அந்த மூலையில் மண் இளகலானது. கீழே பழைய கட்டடத்து வளைவு ஏதாவது இருந்தால் இடிந்து விழும், ஆள் செத்துப்போவான். நிலத்தடியில் வேலை பார்க்கிறவன் சொல்கிறேன், கேட்கச் சொல். அங்கே தோண்ட யார் யார் இருக்கிறார்கள்? ஜெரார்தோ என்ன பேசுகிறான்? என் பெயரை எடுக்கிறானா?

ஆகஸ்டில் லீவு போட்டு நானே வருகிறேன். நான் வருகிற வரைக்கும் அந்த மூலையை யாரும் தொடக் கூடாது. நிலத்தில் பாதி என்னுடையது.

அண்ணன்
கனியோ

---

மோன்தெரூசோ,
22 ஜூலை 1963

அன்புள்ள அண்ணா,

காய்ச்சல் விட்டதா? எனக்கு வெயிலில் தலைவலி, மற்றபடி இருக்கிறேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே மரங்களை வெட்டிவிட்டார்கள். கையெழுத்துப் போட்ட காகிதத்தில் மூலை என்றும் நடு என்றும் பிரித்து எழுதவில்லை என்கிறார் பேராசிரியை. மரத்தின் வேர்களுக்குக் கீழே குளியலறைக்கு வெந்நீர் காய்ச்சுகிற அடுப்பறை இருந்தது. நீ சொன்னது சரிதான், மேல்வளைவு இடிந்து உள்ளே கிடந்தது. எப்படித்தான் உனக்குத் தெரிந்ததோ.

அந்த அறையில் ஓர் ஆள் கிடைத்தான். எலும்புதான். சுவரோரமாக மல்லாந்து கிடந்தான். ரோமானியப் பண்ணையின் அடிமையாக இருக்கும், அடுப்புக்கு விறகு போடுகிறவனாக இருக்கும் என்று பேராசிரியை சொன்னார். அன்றைக்கு அவர் எங்களுக்கெல்லாம் திராட்சை ரசம் வாங்கிக் கொடுத்தார். பொட்டென்ஸாவிலிருந்து பத்திரிகைக்காரன் வந்து படம் எடுத்துக்கொண்டு போனான். மாவட்ட அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போகிறார்களாம்.

ஊரே வந்து பார்த்தது. மிக்கெலினாவும் வந்தாள். குழியின் விளிம்பில் நின்று சிலுவை போட்டுக்கொண்டு, "எந்த மகராசி பெத்த புள்ளையோ. அவளும் வாசலைப் பாத்துக்கிட்டே இருந்திருப்பா" என்றாள். ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக்கு முந்தின அம்மாவுக்காகக்கூட அவளால் அழ முடிகிறது.

ஆகஸ்டில் எந்தத் தேதி வருகிறாய்? மாடி அறையை வெள்ளையடித்து வைக்கிறேன்.

டொனாட்டா

---

சார்லெருவா,
27 ஜூலை 1963

டொனாட்டாவுக்கு,

நலம். நீயும் நலம்தானே.

உன் கடிதம் கிடைத்த உடனே எழுதுகிறேன். அது ரோமானியன்தான், சந்தேகமே வேண்டாம். ரோமானியர்களும் அடியில் ஆணி அடித்த பூட்ஸ்தான் போட்டார்கள் என்று இங்கே இத்தாலியர் சங்கத்தில் ஒரு வாத்தியார் சொல்லியிருக்கிறார். அதனால் ஆணியைப் பார்த்துவிட்டு ஊரில் யாரும் கண்டபடி பேச வேண்டாம். சீக்கிரம் பெட்டிக்குள் வைத்து மூடச் சொல். குழியையும் மூடச் சொல்.

ஆகஸ்டில் வர முடியாது. ஆள் குறைவு, லீவு இல்லை. வெள்ளையடிக்காதே.

கனியோ

---

மோன்தெரூசோ,
4 ஆகஸ்ட் 1963

அண்ணா,

உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும், கேட்டதாக வைத்துக்கொள்.

நான் உனக்கு ஆணியைப் பற்றி எழுதவில்லை.

திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். எழுதவில்லை. பத்திரிகையிலும் வரவில்லை. பாதம் இருந்த இடத்தில் துருப்பிடித்த ஆணிகள் கிடந்தது உண்மைதான். பேராசிரியை அவற்றை மண்ணோடு பெயர்த்து, துணியில் சுற்றி, பரிசோதனைக்கு நேப்பிள்ஸுக்கு அனுப்பிவிட்டு, பதில் வரும் வரைக்கும் வெளியே மூச்சு விடக் கூடாது என்று எங்களிடம் சொன்னார். அன்று குழியில் இருந்த எங்கள் சிலருக்கு மட்டும் தெரிந்த சங்கதி அது. உனக்கு யார் சொன்னார்கள்? ஜெரார்தோவுக்குக் கையெழுத்துப் போடவே தெரியாது.

எனக்குச் சில விஷயங்கள் கேட்க வேண்டும். நாற்பத்தேழாம் வருஷம் மார்ச்சில் நீயும் சவேரியோவும் சேர்ந்து நேப்பிள்ஸ் போனீர்கள். நீ தனியாகத் திரும்பி வந்தாய். அர்ஜென்டினாவுக்குக் கப்பல் ஏறிவிட்டான், காசு சேர்த்துக்கொண்டு ஒரு வருஷத்தில் என்னைக் கூப்பிடுவான் என்றாய். அவனுடைய கம்பளிக் கோட்டை என் கையில் கொடுத்தாய். "அங்க வெயில் கொளுத்துமாம், கோட்டு எதுக்குன்னான். டொனாட்டாகிட்ட குடு, என்னை நெனச்சுக்கட்டும்னான்" என்று சொன்னாய். எனக்கு அது அப்படியே நினைவிருக்கிறது. பிறகு ஒரு மாசத்தில் நீ வாதுமைக் கன்று நட்டாய். அடுத்த மாசம் பெல்ஜியம் போனாய்.

அந்தக் கப்பலின் பெயர் என்ன அண்ணா?

டொனாட்டா

---

சார்லெருவா,
30 ஆகஸ்ட் 1963

மதிப்புக்குரிய நாத்தனாருக்கு,

கனியோவின் மனைவி ஜெர்மேன் வணங்கி எழுதுவது. எனக்கு உங்கள் பாஷையில் எழுதத் தெரியாது, இத்தாலியிலிருந்து வந்த பக்கத்து வீட்டு அப்ரூஸ்ஸோக்காரம்மா எழுதித் தருகிறார்கள். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

நீங்கள் என் வீட்டுக்காரருக்கு என்ன எழுதுகிறீர்கள்? உங்கள் கடிதங்களை அவர் எனக்குக் காட்டுவதில்லை. படித்துவிட்டு அடுப்பில் போடுகிறார். சாப்பிடுவதில்லை. தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து ஒரு பெயரைச் சொல்கிறார். அது பெண் பெயரா ஆண் பெயரா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அங்கே அவருக்கு வேறு யாராவது இருந்தார்களா? இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். சந்தேகத்தோடு ஒரே கட்டிலில் படுப்பது பெரிய தண்டனை.

ஜெர்மேன்

---

மோன்தெரூசோ,
10 செப்டம்பர் 1963

அண்ணா,

அண்ணிக்கு நான் தனியாக எழுதிவிட்டேன். வேறு பெண் யாரும் இல்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன். அந்த ஒரு சத்தியம்தான் உன் விஷயத்தில் என்னால் செய்ய முடிந்தது.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். இவர்கள் தோண்டுகிற முறைக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு. கீழே கிடப்பது மூத்தது, மேலே கிடப்பது இளையது. பேராசிரியை இதைத் தினமும் ஜெபம் மாதிரி சொல்லுவார். போன செவ்வாய்க்கிழமை அந்த எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து முடித்துவிட்டு அடியிலிருந்த மண்ணைத் துடைப்பத்தால் தள்ளினார்கள். அவனுடைய முதுகுக்கு நேர் கீழே ஒரு தகர மூடி. சண்டை முடிந்ததும் அமெரிக்காக்காரன் ஊர் ஊராகக் கொடுத்தானே, இறைச்சி டப்பா, அதனுடைய மூடி. அச்சடித்த எழுத்துகூட அழியவில்லை.

பேராசிரியை அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பத்திரிகையில் எல்லாம் பெரிதாக வந்தாகிவிட்டதே. பிறகு சிகரெட்டை அணைத்துவிட்டு, "நான் ஒரு முட்டாள். ரோமானியன் கிடைக்கணும்னு ஆசைப்பட்டேன், ரோமானியனாத் தெரிஞ்சான்" என்றார். நல்ல மனுஷி. மறைக்கவில்லை. அன்றைக்கே கராபினியேரி போலீஸ் நிலையத்துக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

நிலைய அதிகாரி மாரெஷால் வந்தார். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது, எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்கிறார். "சண்டைக்கப்புறம் ஊரைவிட்டுப் போனவங்க, திரும்பாதவங்க யார் யாரு?" என்று கேட்டார். அப்படிக் கேட்டால் பாதி ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டும். ஜெரார்தோ பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனார். வெனிசுலா, பெல்ஜியம், டூரின். சவேரியோ பெயர் வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் தொட்டித் தண்ணீருக்குள் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று. பேராசிரியைக்கு ஒரு விஷயம் புரியவே இல்லை. காலில் பூட்ஸ் இருக்கிறது, ஆனால் உடம்புப் பக்கம் ஒரு பொத்தான் இல்லை, கொக்கி இல்லை. "எந்த மாசமா இருந்தாத்தான் என்ன, கோட்டு இல்லாம எவனாவது குழிக்குள்ள எறங்குவானா?" என்று என்னிடமே கேட்டார். அந்தக் கோட்டு என் பெட்டியில் இருக்கிறது. ஆறு பொத்தான். ஒவ்வொரு குளிர்காலமும் வெளியே எடுத்து வெயிலில் காயப் போட்டு மறுபடி மடித்து வைத்திருக்கிறேன்.

நான் இன்னும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மிக்கெலினாவிடமும் சொல்லவில்லை. மாரெஷால் என்னைக் கேட்பதற்குள் நீ எனக்கு எழுது. நிஜத்தை எழுது.

டொனாட்டா

---

சார்லெருவா,
25 செப்டம்பர் 1963

தங்கச்சி,

நான் இருக்கிறேன்.

கப்பல் இல்லை. நாங்கள் நேப்பிள்ஸ் போகவும் இல்லை. ரோமாபுரியிலிருந்து வந்த ஒரு வியாபாரி, வயலில் ஏதாவது கிடைத்தால் நல்ல விலை தருவதாகச் சொல்லியிருந்தான். உனக்குத் தெரியாமல் நாங்கள் இரண்டு பேரும் தோண்டினோம். வெள்ளித் தட்டு ஒன்று கிடைத்தது. இன்னும் இருக்கும் என்று அந்த அடுப்பறைக்குள் இறங்கினோம். நான் வெளியே வந்திருந்த நேரத்தில் வளைவு விழுந்தது. இழுத்துப் பார்த்தேன். மூச்சு இல்லை. அம்மா மேல் ஆணை, இவ்வளவுதான் நடந்தது.

வெளியே சொன்னால் திருட்டுக் கேஸில் ஜெயில். ஜெயில் மட்டுமா, தட்டுக்காக நான்தான் அவனைத் தள்ளிவிட்டேன் என்று ஊர் சொல்லும். நீயும் சொல்வாய். பயந்துவிட்டேன். மண்ணைத் தள்ளி மூடினேன். உனக்கும் அவன் அம்மாவுக்கும் சொல்ல ஒரு கதை வேண்டியிருந்தது. அவன் உயிரோடு எங்கேயோ இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருப்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

உன் காலில் விழுந்து கேட்கிறேன். அவன் பெயர் தெரியாதவனாகவே இருக்கட்டும். பெயர் வந்தால் கப்பல் ஏற்றிவிட்டவன் யார் என்று கேள்வி வரும். எனக்கு இரண்டு பிள்ளைகள். போனவன் போய்விட்டான், இருக்கிறவர்களைப் பார். நீ வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம்.

உன் அண்ணன்
கனியோ

---

மோன்தெரூசோ,
6 நவம்பர் 1963

கனியோவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க முடியாது. ஏன் என்று கடைசியில் புரியும்.

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். நீயும் என் கடிதங்களை அங்கேதான் போட்டாய் என்று அண்ணி எழுதினாள். அதில் வளைவு இருந்தது, வியாபாரி இருந்தான், வெள்ளித் தட்டு இருந்தது. கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இடிந்து விழுந்த கல்லுக்கு அடியில் செத்துக் கிடக்கிறவனை இழுத்து, புரட்டி, கோட்டின் இடுப்பு வாரை அவிழ்த்து, கையிலிருந்து அதை உருவி, மண்ணைத் தட்டி, என்னிடம் கொண்டுவந்து, "என்னை நெனச்சுக்கட்டும்னான்" என்று எப்படிச் சொன்னாய்? அந்த வார்த்தையை யோசித்துக்கொண்டே ஊருக்குள் நடந்து வந்தாயா? கல் விழுந்ததா, நீ கையை ஓங்கினாயா, எனக்குத் தெரியாது. மண்டை ஓடு பின்பக்கம் உடைந்திருக்கிறது, இரண்டில் எதனாலும் உடைந்திருக்கலாம் என்கிறார் பேராசிரியை. அதை நான் உன்னிடம் கேட்கவும் போவதில்லை. நீ எதைச் சொன்னாலும் இனி நான் நம்பப்போவதில்லை, பிறகு எதற்குக் கேட்பது.

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாயாமே. தபால்காரர் சந்து திரும்பும்போது மிக்கெலினாவின் முகத்தை நீ பார்த்ததில்லை. நான் தினமும் பார்த்தேன். எனக்குள்ளே என்ன நடந்தது என்று சொல்லட்டுமா? என்னை மறந்துவிட்டான், அங்கே ஒருத்தியைக் கட்டிக்கொண்டிருப்பான் என்று அவனை வைது தீர்த்தேன். நம் வயலில், நான் தண்ணீர் ஊற்றிய மரத்தின் கீழே கிடந்தவனை இத்தனை வருஷம் வைதேன். அந்த மரத்து வாதுமையை வறுத்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உனக்குப் பார்சல் அனுப்பினேன். நீ நன்றாக இருந்தது என்று எழுதினாய்.

மாரெஷாலிடம் நானே போனேன். அந்தக் கோட்டை மேசை மேல் வைத்து, "அது யாருன்னு எனக்குத் தெரியுங்க" என்றேன். பெயரைச் சொன்னேன். பூட்ஸ் அவனுடைய பட்டாளத்துப் பூட்ஸ். பல் வரிசையில் ஒரு இடைவெளி, அதை மிக்கெலினா சொன்னாள். அவளிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவள் கத்தவில்லை. "அப்போ என்னைய மறக்கல. என் புள்ள என்னைய மறக்கல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கும் அதுதான் தோன்றியது. செத்துப்போன செய்தியில் சந்தோஷப்படுகிற நிலைமைக்கு எங்கள் இருவரையும் கொண்டுவந்திருக்கிறாய்.

மாரெஷால் எழுதிக்கொண்டே வந்தார். நான் பயந்த கேள்வி வந்தது. "உங்க அண்ணன்தானே இவரைக் கப்பல் ஏத்திவிட்டதா ஊர்ல சொல்றாங்க? அவரை வரவழைச்சு விசாரிக்கணும். பெல்ஜியத்துல விலாசம் குடுங்க" என்றார்.

என்ன சொல்வது என்று நான் வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வரவில்லை. அது தானாக வந்தது. "அவரை இனிமே வரவழைக்க முடியாதுங்க. சுரங்கத்துல மண்ணு சரிஞ்சு போயிட்டாரு. பத்து நாள் முந்தி சேதி வந்துச்சு" என்றேன்.

மாரெஷால் பேனாவைக் கீழே வைத்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தில் கண்டதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டாரோ, வேறு எதுவாக எடுத்துக்கொண்டாரோ. "இறந்தவரைக் கேள்வி கேக்க முடியாது" என்று சொல்லி எழுதி முடித்தார்.

சவேரியோவை இறந்தோர் திருநாளன்று நம் கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம். கோட்டையும் அவன் மேல் போர்த்தி வைத்தேன். பேராசிரியை நேப்பிள்ஸிலிருந்து வந்திருந்தார், கறுப்புப் பாவாடை கட்டிக்கொண்டு. குழியை மூடும்போது எல்லோருக்கும் கேட்கும்படி மிக்கெலினா என்னை மருமகளே என்று கூப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து அண்டாவில் கறுப்புச் சாயம் காய்ச்சி என்னுடைய துணி எல்லாவற்றையும் முக்கினேன். யாருக்காக என்று பக்கத்து வீட்டுக்காரிகள் கேட்டார்கள். நிச்சயம் மட்டும் ஆனவளுக்குத் துக்கக் கறுப்புக் கட்ட உரிமை கிடையாதே. என் அண்ணனுக்காக என்று சொன்னேன். அன்றைக்கே சாமியார் மணி அடிக்கச் சொன்னார். துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று மூன்று நாள் சாப்பாடு கொண்டுவந்தார்கள். கோழி ரசம், ஆட்டுக்கறி, அடுப்பிலிட்ட பாஸ்தா. ஜெரார்தோ உன்னைப் பற்றி நல்ல வார்த்தை நான்கு சொல்லி அழுதார். நான் எல்லாவற்றையும் சாப்பிட்டேன். நிஜமாகவே அழுதேன்.

உன்னை இப்போது யாரும் தேடி வர மாட்டார்கள். உன் பிள்ளைகளுக்கு அப்பா உண்டு, அண்ணிக்குப் புருஷன் உண்டு. நீ கேட்டது அதுதானே. ஆனால் இந்த ஊருக்கு நீ வர முடியாது. உனக்காகப் பூசை முடிந்துவிட்டது.

இனி எனக்கு எழுதாதே. செத்தவனிடமிருந்து கடிதம் வந்தால் தபால்காரருக்கு நான் என்ன சொல்வது? உனக்கு அது ஒன்றும் கஷ்டமாக இருக்காது. சவேரியோ பதினாறு வருஷம் எழுதாமல் இருந்தான்.

டொனாட்டா